பிரேக்கை மிதித்தது நானில்லை

இது இட்டுக்கட்டிச் சொல்லும் கதையில்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஒன்றும் குறையாது. பேய் என்றாலே நடுராத்திரி, நாய் ஊளை என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

நான் கண் பரிசோதனை செய்து கண்ணாடி எழுதிக் கொடுப்பவள். சொந்தமாகச் சின்னக் கடை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போன வருடம்தான் புதுக் கார் வாங்கினேன். அதன் முன் கண்ணாடியில் ஒரு கேமரா. குறுக்கே ஆள் வந்தால் அதுவே பார்த்து, அதுவே பிரேக் போட்டுவிடும். அப்போது திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மனித உருவம் தெரியும். விற்பனைக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே வண்டியை என் தலையில் கட்டினார்.

முதல் தடவை நடந்தபோது மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். ஐந்து வயது அவளுக்கு. வழியில் ஒரு பழைய அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. மூடிப் பல காலம் ஆகிறது. நீள மதில், நடுவில் துருப்பிடித்த கேட். ரோடு காலியாக இருந்தது. நான் வேகமாகவும் போகவில்லை.

பீப்... பீப்... பீப்...

வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. திரையில் ஆரஞ்சு உருவம். எதிரே ஒருவரும் இல்லை. பின் சீட்டில் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ரத்தம் வழிய அழுதாள்.

என் வீட்டுக்காரர் காயத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பதட்டத்துல நீயே மிதிச்சிருப்ப."

"நான் மிதிக்கவே இல்லைங்க."

"அப்போ வண்டிக்கும் ஒரு கண்ணாடி எழுதிக் குடு."

சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் அதே கேட் முன்னால் மறுபடி நின்றது. இந்தத் தடவை பின்னால் ஒரு லாரி. அரை அடியில் நிறுத்தினார் டிரைவர். இறங்கி வந்து அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பின் சீட்டில் உட்கார்வது என் மகள். அடுத்த லாரி நிற்காவிட்டால்? அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் குளுகுளு ஏசி, கையில் காபி, வாய் நிறையச் சிரிப்பு. வேலை மட்டும் நடக்காது.

"குறை எங்க கண்ணு முன்னாடி வந்தாத்தான் மேடம் வாரண்டில எடுக்க முடியும்."

அவர்கள் தெருவிலேயே இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, வண்டி தங்கமாக இருக்கிறது என்று கையில் கொடுத்தார்கள். நான் விடுவேனா? தினமும் போய் நின்றேன். கடைசியில் தொல்லை தாங்காமல் ஓர் இளம் இன்ஜினியரை லேப்டாப்போடு என்னுடன் அனுப்பினார்கள். எதற்கெடுத்தாலும் "அப்டேட் போட்டா சரியாயிடும்" என்பார். அதனால் எனக்கு அவர் அப்டேட் தம்பி.

அவர் வந்தது மகளை அழைத்து வரும் நேரம். அவளையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனோம். மணி மூன்றே கால்.

மதில் வந்தது. கேட் வந்தது.

பீப்... பீப்... பீப்...

"பாத்தீங்களா!" என்று கத்தினேன். ஒரு குறையைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

தம்பி லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சில நேரம் நிழலைப் பாத்து ஏமாறும் மேடம். ஆனா இது..."

"என்ன?"

"உயரம் காட்டுது. மூணரை அடி. குழந்தைன்னு சொல்லுது."

நான் எதிரே பார்த்தேன். வெறும் ரோடு.

"நகருது மேடம்..."

வண்டியைச் சுற்றி ஏதாவது நெருங்கி வந்தால் சத்தம் போடும் சென்சார்கள் உண்டு. முன்பக்கம் சத்தம் போட்டது.

டிக்... டிக்... டிக்...

பிறகு இடது பக்கம்.

டிக் டிக் டிக்...

பிறகு பின் கதவு.

டிடிடிடி...

நின்றது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மகள் ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி டாட்டா?"

"அந்தப் பையனுக்கு."

வெளியே வெயில். மதில். வேறொன்றும் இல்லை.

"போயிடலாம் மேடம்" என்றார் தம்பி. லேப்டாப்பைப் படாரென்று மூடினார்.

அதன் பிறகு கம்பெனி வாரண்டியில் கேமராவை மாற்றியது. வண்டி மறுபடியும் அங்கே நின்றது. கடைசியில் தலைமை அலுவலகம் ஒரு வழி கண்டுபிடித்தது. தம்பிதான் விளக்கினார்.

"வண்டி எங்க பொய்யா நிக்குதோ அந்த இடத்தை மேப்ல குறிச்சிடுவாங்க மேடம். அங்க என்ன தெரிஞ்சாலும் கண்டுக்காதேன்னு வண்டிக்குச் சொல்லிடுவாங்க. இந்த மாடல் வண்டி எல்லாத்துக்கும் அந்த அப்டேட் போகும்."

போனது. அதற்குப் பிறகு என் வண்டி அங்கே நிற்கவே இல்லை. உங்கள் குறை தீர்ந்ததா என்று கேட்டார்கள். ஐந்து நட்சத்திரமும் போட்டேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தத் தொழிற்சாலையின் பழைய வாட்ச்மேனைத் தேடிப் பிடித்தேன். அங்கே எப்போதாவது ஏதாவது குழந்தை செத்ததா என்று கேட்டேன்.

"நான் வேலைக்குச் சேந்த நாள்லேந்து இங்கதாம்மா இருக்கேன். ஒரு கோழிகூட அடிபட்டதில்ல."

அப்பாடா என்று இருந்தது. எல்லாம் வண்டியின் கோளாறு. இல்லாத பையனுக்கும் குழந்தைகள் டாட்டா காட்டும். அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து தம்பி போன் செய்தார்.

"அக்கா..."

மேடம் அக்காவாகியிருந்தது.

"அந்த கேட்கிட்ட ஒரு பையன் அடிபட்டுட்டான். நேத்து. மூணே காலுக்கு."

"பையன்..."

"போயிட்டான்க்கா."

"என்ன வண்டி?"

"நம்ம மாடல்தான். ஓட்டினவர் போனைப் பாத்துட்டு வந்திருக்காரு."

"வண்டி பிரேக் போடலையா?"

"எப்படிக்கா போடும்? அங்க கண்டுக்காதேன்னு நாமதானே சொல்லி வச்சோம்."

அழுதுவிட்டார். நானும்தான். அன்று என் வண்டி பார்த்தது செத்தவனை இல்லை. சாகப் போகிறவனை.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

போன சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி. எங்கள் வீட்டுக்குள் வண்டியைத் திருப்பினேன்.

பீப்... பீப்... பீப்...

எங்கள் கேட். எங்கள் வாசல்.

திரையில் ஆரஞ்சு உருவம்.

மகள் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெளியே யாராச்சும் நிக்கிறாங்களாடி?"

எட்டிப் பார்த்தாள்.

"யாருமே இல்லம்மா."

அன்று அந்தப் பையனைப் பார்த்தவள் அவள். இன்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தன்னுருவம் தனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து போனில் செய்தி. உங்கள் பகுதியில் வண்டி தேவையில்லாமல் நிற்பது கண்டறியப்பட்டது. சரிசெய்ய அனுமதி கொடுங்கள்.

உடனே அதை அழித்தேன். முகச்சவரம் செய்துகொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போனேன்.

"கம்பெனிலேந்து எதாவது வந்தா தொடாதீங்க."

"அதுவா? என் போனுக்கும் வந்துச்சு. அப்பவே ஓகே குடுத்துட்டேனே."

சாவியைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். வண்டி அசையவே இல்லை. வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். மகள் வெளியே விளையாடப் போகவேண்டும் என்று மூன்று நாளாக அழுகிறாள். வீட்டுக்காரர் எனக்குப் பைத்தியம் என்கிறார்.

அந்தச் செய்தி எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. எங்கள் தெருவில் அதே மாடல் வண்டி இன்னும் மூன்று இருக்கின்றன.