காதோரம் ஒரு குடல்

முடிவெட்டுகிறவரின் வயிறு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு நேராக இருக்கும். கோணல் மண்டையையும் நேராகக் காட்டிவிடுவார் என்று தெருவில் பெயரெடுத்தவருக்கு இத்தனை வருடமாக அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுவே பெரிய விஷயமாகிவிட்டது.

எந்த மருந்துக்கும் மசியாமல் புண்ணாகிப்போன பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். அதன்மேல் ஒட்டிய ஒரு பை. பை மாற்றுவதை அவர் சீக்கிரமே பழகிக்கொண்டார். சவரக்கத்தி பிடித்த கைக்கு அது பெரிய வித்தையில்லை. ஆனால் குடல் யார் பேச்சையும் கேட்பதாயில்லை. நினைத்த நேரத்தில் களகளவென்று சத்தம் போட்டது.

“இந்தச் சத்தத்துக்கு ஆளுங்க பக்கத்துக் கடைக்குப் போயிட்டா, நம்ம கடைய மூட வேண்டியதுதான்.”

“ரேடியோவ சத்தமா வெச்சுக்கங்க,” என்றாள் மனைவி. “உங்க குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலை.”

மறுபடி கடை திறந்ததும் முதலில் வந்து உட்கார்ந்தவர், நொட்டை சொல்வதற்கென்றே பிறந்த தபால்காரர். அவர் பின்னாலேயே வந்த இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அந்த ரேடியோவ நிறுத்துங்க. தலை வலிக்குது.”

நிறுத்தினார். காதோரம் கத்தரியைக் கொண்டுபோனதுதான் தாமதம், குடல் ஆரம்பித்துவிட்டது.

“என்ன சத்தம் அது?”

மழுப்ப வாயெடுத்தவர், கத்தரியைத் தாழ்த்தினார். “என் குடல்தான். பெருங்குடல எடுத்துட்டாங்க. மிச்சம் சட்டைக்குள்ள ஒரு பைல இறங்குது. பிடிக்கலைன்னா எந்திரிச்சுக்கங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

தபால்காரர் கண்ணாடியில் அவரையே பார்த்தார்.

“அப்ப சாப்பிடறது செரிக்குதா?”

“நல்லா செரிக்குது. சாப்பாட்டோட சத்த உறிஞ்சறது சிறுகுடல்தானே, அது இருக்கு. தண்ணிய இழுத்து வைக்கிறதுதான் பெருங்குடலோட வேலை. அதுக்கு ஈடா நான் உப்புத் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கேன்.”

“ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் பார்க்கறது. எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு. என்ன, அங்க இவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது.”

முடிவெட்டுகிறவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி வீட்டை இழந்தும் ஒரு வேளை தவறாமல் தின்றதையெல்லாம் ரத்தமாக்கித் தரும் அந்தக் குடலின்மேல் முதன்முதலாக ஒரு மரியாதையும் வந்தது.

“சரி, அந்தப் பக்கம் வாங்க,” என்றார் தபால்காரர். “இந்தக் காது மட்டும் கேட்டா போதுமா?”

பெஞ்சில் காத்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போகவில்லை. இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் கேட்டார்.