ஒரே ஒரு துண்டு பாக்கி

கொண்டை ஊசியின் நுனியால் தர்பூசணித் துண்டிலிருந்து விதையை நெம்பி எடுக்கிறார் கணவர். எடுத்ததைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சமையலறை வாசலில் நிற்கும் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது அவள் தலையில் இருந்த ஊசி.

முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒருமுறை கல்யாணப் பத்திரிகை ஒன்றில் 'மணமகள்' ஒரு சுழி குறைந்து 'மனமகள்' ஆகிவிட்டாள். அந்தச் சுழி இன்னும் அவர் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஓய்வு பெற்றபின் திருத்துவதற்குப் புரூஃப் கிடைக்கவில்லை, பழம் கிடைத்தது. வெயில் காலம் வந்தால் போதும், கத்தி, கரண்டி, ஊசி, வடிகட்டி எல்லாம் சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயரும். ஆரஞ்சுச் சுளைக்கு நார் உரிப்பார். திராட்சையை இரண்டாகக் கீறுவார். மாம்பழத்தின் கன்னத்தை வெட்டி, டம்ளர் விளிம்பில் வைத்து ஒரே தள்ளு. தோல் வெளியே, சதை உள்ளே. பார்க்க அழகுதான். பிறகு அந்தச் சதையில் நார் தேட ஆரம்பிப்பார்.

"ஏங்க, விதையைத் துப்பிக்க மாட்டாங்களா? எல்லாருக்கும் வாய் இருக்குல்ல?"

"வாய்க்குள்ள போனப்புறம் திருத்த முடியாதும்மா."

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில் இரண்டு வருஷமாகப் பேசாதவன், ரயில் மாறும் ஒரு மணி நேர இடைவெளியில் தானாகவே படியேறி வந்திருந்தான். அக்காவும் தம்பியும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மின்விசிறியைப் பற்றிப் பேசினார்கள். பேச வேண்டியது மட்டும் வாயில் வரவில்லை. நடுவில் ஒரு தட்டுப் பழம் இருந்தால் வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னங்க, ஆச்சா?"

"இதோ, ஒரே ஒரு துண்டு பாக்கி."

ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. தம்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

"இருக்கட்டும்க்கா. மாமா பொறுமையா பண்ணட்டும். இன்னொரு நாள் வரேன்."

கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கணவர் தட்டோடு வந்தார். ஒரு விதை இல்லை. சாப்பிட ஆளும் இல்லை.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்தான். ஒரு வாய் பழம் இல்லாம போறான். உங்க சுத்தத்தை வச்சு நான் என்ன பண்ண?"

அவர் தட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். துண்டுகளை டப்பாவில் அப்படியே கவிழ்த்தார். மேசையில் சிதறியதை எடுக்கக்கூட இல்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். அரை மணி நேரத்தில் டப்பா கனம் குறையாமல் திரும்பி வந்தது.

"வண்டி நகர ஆரம்பிச்சிடுச்சு," என்றார். "ஜன்னல்லேருந்து கையை ஆட்டினான்."

அவள் மிச்சமிருந்த அரைத் தர்பூசணியில் ஒரே வெட்டாக ஒரு கீற்று எடுத்து, நின்றபடியே கடித்தாள். விதை பல்லில் தட்டியது. துப்ப இடம் தேடித் தலையைத் திருப்பினாள்.

வியர்வை சொட்ட நின்றிருந்தவர், அவள் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையைக் குவித்து நீட்டினார்.