சகலையின் சாம்பல் டிராம்

அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்கிறவர். பிளாஸ்டர் தூசி படிந்த மேசையில் நாள் முழுக்க அடுத்தவர் தாடைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், சட்டையைக்கூட மாற்றாமல் கண்ணாடி அலமாரி முன்னால் போய் நிற்பார். உள்ளே வரிசையாக டிராம்கள். உலோகத்தில் வார்த்த, உள்ளங்கை நீளமுள்ள மாதிரி வண்டிகள். அந்த அலமாரிக்கு அவர் மனைவி வைத்திருந்த பெயர் மூத்தாள். தனக்குப் பிறகு வந்ததுதான், ஆனாலும் மரியாதை என்னவோ அதற்குத்தான் அதிகம் என்பது அவள் குறை.

எல்லாம் ஒரே வண்டிதானே என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது. வண்டி ஒன்றுதான், உடுப்பு வேறு. தனியார் கம்பெனி ஓட்டிய காலத்துப் பழுப்பு, நகராட்சி எடுத்துக்கொண்டதும் வந்த சிவப்பு, பிறகு நெடுநாள் நிலைத்த பச்சை. அவரிடம் இல்லாதது போர்க்காலச் சாம்பல் மட்டும். விளக்கணைத்த தெருக்களில் ஆட்கள் வந்து மோதாமலிருக்க, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை போட்ட உடுப்பு அது. போர் முடிந்ததும் முதல் வேலையாக அதன்மேல் பச்சையை அடித்து மறைத்துவிட்டார்கள். மாதிரி வண்டி செய்கிறவர்களும் சாம்பலைக் கொஞ்சம்தான் போட்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பல வருஷம் தேடியும் அவருக்கு அது அகப்படவில்லை.

அகப்பட்டது சகலைக்கு.

சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், லிப்ட் மெக்கானிக். பொழுது போகவில்லை என்று புலம்பியவருக்கு, தன்னிடம் இரண்டாக இருந்த பச்சை வண்டிகளில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்து இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே பல்செட்டுக்காரர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை நகக்கண்ணில் கிரீஸோடு வந்து துணிப்பையைப் பிரித்தார்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. லிப்ட் ரிப்பேருக்குப் போன எடத்துல, கீழ ஒரு பழைய சாமான் கடை. அங்க கெடந்துச்சு. ரொம்ப சல்லிசாக் குடுத்தான், அதான் சந்தேகமா இருக்கு. அசலா போலியான்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

பல்செட்டுக்காரர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சாம்பலும் வெள்ளையும் சேருமிடத்தில் ஒரு பிசிறு இல்லை. ஆணித்தலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன; மேலே இன்னொரு பூச்சு ஏறியிருந்தால் மொழுக்கென்று ஆகியிருக்கும். அசல். சந்தேகத்துக்கே இடமில்லை.

பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பழுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் நேற்று வந்த ஆள், லிப்டுக்கு எண்ணெய் போடப் போன இடத்தில் இதைப் பொறுக்கிக்கொண்டு வருவதா? அவர் இத்தனை வருஷம் தேடியதெல்லாம் என்னாவது? நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"மேல்பூச்சு," என்றார். "சாதாரணப் பச்சை வண்டிதான். எவனோ சாம்பல அடிச்சு வித்திருக்கான்."

சகலையின் முகம் சுருங்கிப்போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, அதைப் பார்க்க இவருக்கு உள்ளே ஜில்லென்றிருந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவி, "இன்னொரு தடவ நல்ல வெளிச்சத்துல பாருங்களேன்," என்றாள். "எனக்குத் தெரியாதா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

உள்ளூர ஒரு கணக்கும் போட்டிருந்தார். கொஞ்ச நாள் ஆறப்போட்டுவிட்டு, 'அந்தப் போலியை என்கிட்டயே தள்ளிவிடுங்க' என்று போகிறபோக்கில் கேட்டால், சகலை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். அந்த வாரம் முழுக்கப் பொய்ப்பல் செய்துகொண்டே பாட்டு முணுமுணுத்தார். அலமாரியில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் இடம் ஒதுக்கினார்.

"யாருக்கு இந்த எடம்?" என்றாள் மனைவி.

"சும்மா, காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்."

அடுத்த ஞாயிறு சகலை வாயெல்லாம் பல்லாக வந்தார். மேசைமேல் இரண்டு டிராம்களை வைத்தார். இரண்டிலும் ஒரு பொட்டு வண்ணம் இல்லை. வெறும் உலோகம்.

"நல்லவேள நீங்க சொன்னீங்க அண்ணே. அடியில பச்சை இருக்கும், அதையாவது காப்பாத்துவோம்னு பெயிண்ட் கழட்டுற மருந்துல ஊறப்போட்டேன். எல்லாம் கழண்டுடுச்சு, பச்சையக் காணோம். முதல்ல பச்சைய மொத்தமாச் சுரண்டிட்டுத்தான் சாம்பல அடிச்சிருக்கான். என்னா எத்தன் பாருங்க."

பல்செட்டுக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு... ரெண்டு ஏது?"

"அந்தக் கடையில ரெண்டு சாம்பல் இருந்துச்சு. ஒண்ணு உங்களுக்குன்னே வாங்கினது. அன்னைக்கு பைக் பெட்டியிலயே வச்சிருந்தேன். அசல்னு உங்க வாயால கேட்டுட்டு, ஓடிப்போய் எடுத்தாந்து நீட்டலாம்னு இருந்தேன். போலின்னு தெரிஞ்சப்புறம் அத உங்க கையில குடுப்பேனா? அதையும் சேத்து ஊறப்போட்டுட்டேன்."

மனைவி காபி டம்ளரைக் கீழே வைக்காமல் இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, தம்பிக்குப் பதில் சொல்லுங்க," என்றாள்.

"நல்ல வேல பண்ணினீங்க," என்றார் இவர்.

சகலைக்கு அது போதுமாக இருந்தது. "ஒண்ணு நீங்க வச்சுக்கங்க, உங்களுக்கு இஷ்டப்பட்ட கலர அடிச்சுக்கங்க. என்னோடதுக்கு மயில் கலர்தான் அடிக்கணும்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கறா. அப்படி ஒரு டிராம் எங்கயுமே ஓடலடின்னேன். நம்ம வீட்ல ஓடட்டும்ங்கறா." சிரித்துக்கொண்டே தன் வண்டியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அவர் சீட்டியடித்துக்கொண்டு போவது தெருமுனைவரை கேட்டது. பல்செட்டுக்காரர் தன் பங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். மொட்டை உலோகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி இவ்வளவு சந்தோஷமாகப் போக முடியும் என்று நினைத்தார். அதற்கும் அவருக்குப் பொறாமையாக இருந்தது.