பீப்பாயின் அடி டீசல்

என் தம்பி சேவியரைத் திருடனாக்கியது எங்கள் ஊர் நீரிறைப்புச் சங்கத்தின் தலைவர்தான். இந்தப் பயணத்தை அவர் படிப்பதற்காகவே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். சங்கத்துக்கு இரண்டு பம்ப் என்ஜின்கள், ஒரு டீசல் பீப்பாய். என்ஜினை வயலுக்கு வயல் ஏற்றிப் போவது எங்கள் பழைய பிக்கப் வண்டி. அதற்கு வாடகை பணமாக வராது. கைப்பம்பின் குழாய் எட்டாத அடி டீசலை, பீப்பாயைச் சாய்த்து எங்கள் டேங்கில் ஊற்றுவார்கள். பல வருட ஏற்பாடு.

ஒன்றரை வருடமாக வண்டி காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. கிளம்பினாலும் வெள்ளைப் புகை கக்கும், நாற்பதில் போனால் உதறும். பேட்டரி மாற்றினேன், ஹீட்டர் பிளக் மாற்றினேன், நாசிலைக் கழற்றிச் சரிபார்த்தேன். பில்டர் மாற்றினால் ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். போன கார்த்திகையில், வயலில் தேங்கிய மழைத் தண்ணீரை வடிக்க வேண்டிய நாளில், வண்டி கிளம்பவே இல்லை. என்ஜின் கொட்டகை முன் ஊர் கூடியிருந்தபோது தலைவர் சொன்னார்: “சங்கத்து டீசல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தி ஓட்டுறான். பொகையே சொல்லுதே.” வண்டியை ஓட்டியவன் சேவியர். எல்லார் முன்னாலும் அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியவன் நான். அன்று சாயங்காலமே அவன் ஊரைவிட்டுப் போனான்.

இந்த ஆடியில் பேராவூரணியிலிருந்து தென்னங்கன்று ஏற்றிவர ஒரு சவாரி கிடைத்தது. போக மட்டும் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். தம்பி அங்கே ஒரு தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிறான் என்று தெரியும். போய்ப் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை.

காலை 5.40. பதினோராவது முறை சாவியைத் திருப்பியபோது வண்டி உயிர் பெற்றது.

7.15. நீடாமங்கலம் தாண்டி மன்னார்குடி சாலையில், ஒரு மதகு மேல் நின்றுவிட்டது. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஆறு பேர் தள்ளிவிட்டார்கள். வண்டி இருமியதே தவிரக் கிளம்பவில்லை. “இத தள்ளுற நேரத்துக்கு ஒரு மா நெலம் நட்டு முடிச்சிருப்போம்ணே” என்று சொல்லிவிட்டு ஒருத்தி வயலில் இறங்கினாள்.

சாலையோரப் பட்டறையிலிருந்து காதர் பாய் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பானெட்டை உடனே திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். காலையில் மட்டுமா, சூடான பிறகுமா? எப்போதிலிருந்து? டீசல் எங்கே போடுகிறீர்கள்? பீப்பாய் என்றதும் என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக் காலி செய்து, உதறிக் காயவைத்து, பில்டர் அடியிலிருந்த திருகைத் தளர்த்திப் பிடித்தார். பாட்டிலில் முக்கால் பங்கு அழுக்குத் தண்ணீர். அதன் மேல் விரலளவு டீசல்.

“இதுல டீசல் ஓடலைங்க, வெண்ணாறு ஓடுது” என்றார்.

டேங்கின் அடி போல்ட்டைக் கழற்றினால் துருவோடு அரை வாளித் தண்ணீர். மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று கேட்டேன். மோந்து பார்த்து இல்லை என்று தலையாட்டினார்.

“பீப்பாய நிமித்தி வெட்டவெளியில வச்சிருப்பீங்க. மேல் மூடியில மழைத்தண்ணி நிக்கும். பகல்ல சூட்டுல உள்ள இருக்கிற காத்து வெளிய போகும். ராத்திரி ஆறுறப்ப அந்தத் தண்ணிய உள்ள இழுத்துக்கும். பூட்டு போட்டாலும் இழுக்கும்.”

தண்ணீர் கனம், அடியில் தங்கும். பம்ப் என்ஜின்களுக்கு மேல் டீசல், எங்களுக்கு அடி டீசல். பாய் சொல்லி முடித்தபோது நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

புது பில்டர் 450 ரூபாய், கூலி 300. பெட்ரோல் பங்கிலிருந்து கேனில் ஐந்து லிட்டர் டீசல். பில்டர் மேலிருந்த சின்ன பம்பை அழுத்திக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியதும் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. வண்டி இவ்வளவு அமைதியாக ஓடிப் பார்த்து ஒன்றரை வருடம். பட்டுக்கோட்டை வரை அழுதுகொண்டே ஓட்டினேன்.

மதியம் 12.50, பேராவூரணி. கன்று ஏற்றப் போகவில்லை, நேராகக் களத்துக்குப் போனேன். நட்டுவைத்த இரும்புக் கம்பியில் தேங்காயைக் குத்தி உரித்துக்கொண்டிருந்தான் சேவியர். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தான். பாட்டிலை நீட்டி, பாய் சொன்னதையெல்லாம் சொன்னேன். குலுக்கிப் பார்த்தான். தண்ணீர் கீழே இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் வந்ததுக்கப்புறம் வண்டி சரியாயிடுச்சாண்ணே?”

“இல்லடா.”

“எட்டு மாசமாவா?”

அதே பீப்பாயில் டீசல் வாங்கினேன். அதே புகை. அதே உதறல். மண்ணெண்ணெய் ஊற்றியவன் போய்விட்டானே, இன்னும் ஏன் புகைகிறது என்று ஒரு நாள் கூட நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வா என்றேன். அவன் அடுத்த தேங்காயை எடுத்தான்.

“ஊர் முன்னாடி சொன்னாங்க. ஊர் முன்னாடிதான் இல்லைன்னு சொல்லணும். தலைவர் மட்டுமில்ல. நீயுந்தான்.”

கன்று ஏற்றும் இடத்துக்கு அவனும் வந்தான். கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக் கட்டினான். ஓட்டுநர் பக்கக் கதவைத் தொடவில்லை.

3.30க்குக் கிளம்பினேன். களத்து வாசலில் அவர்களுடைய டீசல் பீப்பாய் கிடந்தது. கூரைக்குக் கீழே, செங்கல் மேல் படுக்கவைத்திருந்தார்கள். மூன்று பக்கமும் ஆறும் வாய்க்காலுமாக இருக்கிற எங்கள் ஊரில், தண்ணீர் எப்படி உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. என் தம்பி எப்படித் திருடுவான் என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தலைவரே, பாட்டில் என் வண்டியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொட்டகை முன் வருவேன். சாவியைப் பிடுங்கியது தவறு என்று முதலில் நான் சொல்வேன். அதன் பிறகு, அன்றைக்கு நின்ற அதே ஆட்கள் முன்னால் நீங்கள் பீப்பாயைச் சாய்த்து அடியில் கிடப்பதை ஊற்றிக் காட்டுங்கள். சேவியர் எதைத் திருடினான்? அங்கே நின்று சொல்லுங்கள்.