சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

2009 வாக்கில், திருவண்ணாமலை தேரடித் தெரு பக்கம் நானும் கணவரும் ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தோம். அப்போது நான் ஆறு மாத கர்ப்பிணி.

அன்று பௌர்ணமி. இந்தியா விளையாடும் மேட்ச் வேறு. கேபிள்காரர்களுக்குள் ஏதோ தகராறு, மேட்ச் காட்டும் சேனலே ஊரில் வரவில்லை. இன்டர்நெட்டில் பணம் கட்டினால் நேரடியாகப் பார்க்கலாம் என்று தெரிந்ததும், கார்டில் கட்டிவிட்டு, வாசலில் எழுதிப் போட்டோம். ஆளுக்குக் கொஞ்சம் வசூலித்தோம். கணவர் அவசர வேலையாக வேலூர் போய்விட்டார்.

மதியம் கடை நிரம்பி வழிந்தது. படம் நின்று நின்றுதான் வந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள். கடைசி சில ஓவர் இருக்கும்போது திரை அப்படியே உறைந்தது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி திறந்து பார்த்தேன். திரும்பவும் பணம் கட்டச் சொன்னது. கட்டினேன். அதே வட்டம்.

"காசு வாங்கிக்கினு ஏமாத்துறியா?" என்று ஒருவன் கத்தினான். காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். யார் காதிலும் விழவில்லை. அவர்களுக்கு வேண்டியது காசு இல்லை, மேட்ச். ஒரு கீபோர்டு தரையில் விழுந்து உடைந்தது. பின்னாலிருந்து தள்ளத் தள்ள, முன்னால் இருந்தவர்கள் என் மேஜைமேல் சாய்ந்தார்கள். மேஜை நகர்ந்து என்னைச் சுவரோடு சேர்த்து நெருக்கியது. வாசல் கூட்டத்துக்கு அந்தப் பக்கம். இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டேன்.

"நாலு ரன்னு!"

எங்கிருந்தோ பெரிய குரல். எல்லாரும் திரும்பினார்கள். கிரிவலம் போக வந்து, வெயிலுக்கு ஒதுங்கி நின்ற ஒருவர், காலில் செருப்புகூட இல்லை, நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். காதில் இயர்போன், கையில் குட்டி ரேடியோ.

"ரேடியோல ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுப்பா, எனக்கு மட்டுந்தான் கேக்குது. சத்தம் போடாம இருந்தா சொல்றேன். மொதல்ல அந்த மேஜைய இஸ்து வுடுங்க, மாசமா இருக்கிற பொண்ணு. வெளிய வாங்க, தெருவுல நின்னு சொல்றேன்."

மேஜை விலகியது. அவர் பேசிக்கொண்டே தெருவுக்கு நடக்க, மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் போனது. ஒவ்வொரு பந்தையும் தொண்டை கிழியச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து, குழந்தை அசைகிறதா என்று கையை வைத்துக் காத்திருந்தேன். அந்தச் சில நிமிடங்களில் பயந்ததுபோல் நான் என்றுமே பயந்ததில்லை. மெதுவாக ஒரு உதை வந்தது. அப்போதுதான் அழுதேன்.

இந்தியா தோற்றது. ஆனால் யாரும் திரும்பி வந்து சண்டை போடவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவர் கிரிவலக் கூட்டத்தில் கலந்துவிட்டார். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

இன்றைக்கும் எங்காவது நாலு பேர் சேர்ந்து ஒருவரை நெருக்குவதைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்க்காத மாதிரி கடந்துபோக மனசு வருவதில்லை.