இரண்டு கூட்டத்துக்கு ஒரு செத்தவன்

நான் பட்டாளத்துக்குப் போகாமலே செத்தவன். அதுவும் ஒரே சாயங்காலத்தில் இரண்டு இடத்தில். பாறசாலைச் சந்தை மைதானத்தில் தமிழுக்காகச் செத்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து வெளியில் மலையாளத்துக்காகச் செத்தேன். இரண்டு இடத்திலும் எனக்கு மாலை ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்கு முன்னால் என் கழுத்தில் மாலை விழுந்தது கல்யாணத்தன்று மட்டும்தான். அதையும் மாமனார் வீட்டுப் பசு தின்றுவிட்டது.

எனக்குத் தொழில் மாட்டுத் தரகு. காட்டாக்கடைச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். எழுத்து, ஞாயிறு பள்ளியில் கற்றது. அங்கே மிட்டாய் கொடுப்பதை நிறுத்தினார்கள், நானும் படிப்பை நிறுத்தினேன். இதில் பிழை இருந்தால் மிட்டாயைக் குறை சொல்லுங்கள்.

அது எல்லைப் போராட்டக் காலம். நெய்யாற்றின்கரை தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்று இன்னொரு கட்சி. நடுவில் நாங்கள், காலையில் தமிழில் சண்டை போட்டு மத்தியானம் மலையாளத்தில் சமாதானம் பேசுகிறவர்கள். எனக்குக் கட்சி கிடையாது. மாடு எந்தப் பக்கத்து மாடானாலும் தரகு ஒன்றுதான். தமிழ்க் கூட்டத்தில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள், அதனால் நான் தமிழ்க் கட்சி என்று ஊரில் பேர் ஆகிவிட்டது.

எங்கள் கட்சிச் செயலாளர் ஒரு வக்கீல் குமாஸ்தா. பெரிய தலைவர் ஒருவர் பேச வருகிறார் என்றதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் செத்த பட்டாளக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மேடையில் மரியாதை செய்வது. நல்ல காரியம்தான், பத்து வருஷம் பிந்திவிட்டது என்பதைத் தவிர. எங்கள் ஊரில் அப்படிச் செத்தவன் ஒருவன் உண்டு. பர்மா எல்லைக் காட்டில் பட்டாளத்துக்கு ரோடு வெட்டப் போனவன், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். அவன் பெண்டாட்டி வீடு வீடாகப் போய்ப் புட்டுக்கு மாவு இடித்துப் பிழைத்தாள். அவன் வண்டி ஏறிய பிறகு பிறந்த பெண் குழந்தை ஒன்று. அந்தக் குடிசைப் பக்கம் அதுவரை எட்டிப் பார்க்காத கமிட்டிக்காரர்கள் ஒரே வாரத்தில் மூன்று தடவை போனார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு அல்ல, போட்டோ கேட்பதற்கு.

போட்டோ இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் போட்டோ எடுத்துக்கொள்கிறவன் பணக்காரனாக இருக்க வேண்டும், இல்லை திருடனாக இருந்து போலீஸ் எடுக்க வேண்டும். அவன் இரண்டும் இல்லை.

குமாஸ்தா நேராக என் தொழுவத்துக்கு வந்தார்.

“எலே மக்கா, ஒரு போட்டோவுக்கு நிக்கணும்.”

“எனக்க போட்டோவா? எதுக்குண்ணே?”

“செத்தவனாட்டு.”

நான் வைக்கோலைக் கீழே போட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். தலைவர் மெட்ராஸிலிருந்து வருகிறார், அவருக்கு யார் முகமும் தெரியாது. தொப்பி வைத்தால் எவனும் பட்டாளக்காரன்தான். ஊரில் பகல் நேரத்தில் வேலை இல்லாமல் இருக்கிற ஒரே ஆண்பிள்ளை நான்தான். கடைசிக் காரணம் எனக்கும் நியாயமாகப் பட்டது. அதோடு, அதுவரை எனக்குப் போட்டோ கிடையாது. சும்மா ஒரு போட்டோ கிடைக்கும் என்றால் சாவதில் என்ன கஷ்டம்?

பட்டாளம் எனக்குப் புதிதும் இல்லை. அந்தச் சண்டைக் காலத்தில் நானும் சேரப் போனேன். டாக்டர் மூச்சை இழுத்து நெஞ்சை விரிக்கச் சொன்னார். விரித்தேன். “ம், விரி” என்று மறுபடியும் சொன்னார். விரித்துத்தான் நிற்கிறேன் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நெய்யாற்றின்கரை ஸ்டுடியோவில் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். அம்பூரியில் பட்டாளத்துச் சமையல்காரராக இருந்து திரும்பிய ஒருவரிடம் சட்டையும் தொப்பியும் வாங்கி வந்தார் குமாஸ்தா. சமையல்காரர் தன் சமையலைத் தானே தின்றவர் போலிருக்கிறது, சட்டைக்குள் என்னைப் போல இருவர் இருக்கலாம். முதுகுப் பக்கம் ஊசி குத்தி இறுக்கி, நெஞ்சுக்குள் தலை துவட்டுகிற துவர்த்து ஒன்றைத் திணித்தார்கள். முகத்தில் வீரம் போதவில்லை என்று போட்டோக்காரர் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மீசை வரைந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“சிரிக்கல்லே சேட்டா, மரிச்ச ஆளாணு” என்றார். செத்த ஆள் சிரிக்கக்கூடாதாம்.

படம் வந்தது. அத்தனை வீரமான ஒருவனை நான் கண்டதே இல்லை. அவனிடம் மாடு விற்க எனக்குத் தைரியம் வராது. அதை நோட்டீசில் மங்கலாக அச்சடித்துக் கடைவீதி முழுக்க ஒட்டினார்கள். என் பெண்டாட்டி நோட்டீசைப் பார்த்துவிட்டு, “இவரு ஆரு? நல்ல லெச்சணமா இருக்காரே” என்று கேட்டாள். என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதே கிடையாது.

போட்டோக்காரருக்கு எல்லைப் பிரச்சினை எதுவும் இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் போய், செத்தவன் எங்களுக்கும் சொந்தம், அவன் நல்ல மலையாளம் பேசுவான் என்றதும் இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் மலையாள நோட்டீசிலும் நான் இருந்தேன். அதில் மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தார்கள். கூட்டமும் அதே நாள், அதே நேரம். இரண்டு மைதானத்துக்கும் நடுவில் போலீஸ்.

கூட்டத்துக்கு முந்தின நாள் செத்தவன் பெண்டாட்டி என்னைத் தேடி வந்தாள். அவன் எனக்கு அண்ணன் முறை, அதனால் இவள் எனக்கு மைனி. அவள் கையில் உலக்கை இருந்தது. இடிக்கப் போகிற வழியில் வந்திருக்கிறாள், ஆனாலும் நான் பசுவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. மகள் அந்த நோட்டீசைக் கொண்டுவந்து கஞ்சி தேய்த்துச் சுவரில் ஒட்டிவிட்டாளாம். காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்கிறாளாம். இது உன் அப்பா இல்லை என்று தாய் சொன்னதற்கு, ஒனக்கு மறந்துபோச்சு, அச்சடிச்சவங்க பொய் சொல்லுவாங்களா என்று கேட்டாளாம்.

“நாளைக்கு அவளத்தான் மேடைல ஏத்தி மால போடச் சொல்லியிருக்கு. அத்தன பேருக்க முன்ன மால போட்டுட்டான்னா பின்ன அதுதான் அவளுக்க அப்பன். நான் சாவதுவர சொன்னாலும் மாறாது.” உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். “அவருக்க மொகம் எனக்க கிட்ட மட்டுந்தான் உண்டு மக்கா. அதுவும் தேஞ்சு வருது. இப்ப கண்ண மூடுனா ஒனக்க கரி மீசையாக்கும் வருது.”

என்னைப் பார்த்து ஒருத்தி அழுவதும் சிரிப்பதும் எனக்குப் பழக்கம். இது இரண்டிலும் சேரவில்லை. உடனே அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம், மக்களே அது நானாக்கும் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தப்பா சொல்கிற பொய்யிலேயே இதுதான் பெரிசு என்றாள். இருபது வருஷம் ஊரைச் சிரிக்க வைத்ததற்குக் கிடைத்த கூலி.

அங்கிருந்து குமாஸ்தாவிடம் போனேன். படத்தை எடுத்துவிட்டுப் பேரை மட்டும் சொல்லி மரியாதை செய்யலாமே என்று கேட்டேன்.

“படமில்லாம மாலைய எங்க போடது? மைக்குலயா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீ நாளைக்கு இந்தப் பக்கம் வரப்படாது, கேட்டியா? செத்தவன் எதுக்கு கூட்டத்துக்கு வாறான்? கள்ளிக்காட்டுக்கோ எங்கயோ போயிரு.”

கள்ளிக்காட்டுக்குப் போகவில்லை. அம்பூரிக்குப் போனேன். சமையல்காரரிடம் சட்டையையும் தொப்பியையும் மறுபடியும் இரவல் கேட்டேன். இன்னொரு போட்டோ எடுக்கணும் என்றதும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. தலைவர் பேச ஆரம்பித்தார். எங்கள் ஊர் வீரன் தமிழ் மானம் காக்க நெஞ்சில் குண்டு வாங்கினான் என்றார். அவன் வாங்கியது மலேரியா. ரோடு வெட்டியது வெள்ளைக்கார ராஜாவுக்கு. மானம் காக்கப் போகவில்லை, வீட்டில் கஞ்சிக்கு வழி இல்லாமல் போனான். காற்று திரும்பும்போது ஸ்டேஷன் பக்கத்து ஒலிபெருக்கியும் கேட்டது. அங்கே அதே குண்டு, அதே நெஞ்சு, மலையாளத்தில். எங்கள் மேடையில் என் படம் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் மைனி, மடியில் கை வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு. மகள் எண்ணெய் தேய்த்துப் பின்னிய தலையோடு மாலையை ஏந்தி நின்றாள்.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். நான் பின்பக்கமாக மேடையில் ஏறினேன். சட்டை, முதுகில் ஊசி, தொப்பி, நெஞ்சில் துவர்த்து, மூக்குக்குக் கீழே கரி, எல்லாம் படத்தில் உள்ளபடி.

தலைவருக்கு நல்ல மனசு. முன்னாள் பட்டாளக்காரர் ஒருவர் மரியாதை செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்துக் கை குவித்து வழிவிட்டார். நான் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றேன். முதல் வரிசையில் ஒருவன் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவன் தொடையைக் கிள்ளினான். குமாஸ்தா முகத்தில் ரத்தமே இல்லை.

அந்தப் பெண் மாலையோடு அப்படியே நின்றாள். கண் என் முகத்துக்கும் படத்துக்கும் மாறி மாறிப் போனது. ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் நினைத்தது எனக்குப் புரிந்துவிட்டது. செத்தவர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள்.

வேகமாகத் துவர்த்தை நெஞ்சுக்குள்ளிருந்து உருவினேன். நெஞ்சு உள்ளே போனது. கூட்டம் சிரித்தது. தலைவருக்கு வைத்திருந்த சோடாவைத் துவர்த்தில் ஊற்றி, மீசையைத் தேய்த்தேன். தொப்பியை எடுத்தேன்.

“சித்தப்பா” என்றாள். கோபம்தான் அந்தக் குரலில். மாலையை நாற்காலியில் கூட வைக்கவில்லை, கீழே விட்டாள்.

மைனி எழுந்து வந்து மகள் கையைப் பிடித்தாள். இருவரும் மேடையை விட்டு இறங்கினார்கள். அதற்குமேல் நடந்ததை விரிக்கவில்லை. எனக்கு யார் யார் எங்கெங்கே அடித்தார்கள் என்பதை என் முதுகு இன்றும் சொல்லும், ஊசி கழன்றதையும் சேர்த்து. அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் என் வீரச்சாவுக்கு எந்தத் தடங்கலும் இல்லை. அங்கே நான் ஒரு குறையும் இல்லாமல் செத்தேன்.

அடி வாங்கி, இரண்டு மைதானத்து ரோடும் சேருகிற முக்குக்கு வந்தபோது தாயும் மகளும் கல்வெர்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் என்னைப் பார்க்காமல் தாயிடம் கேட்டாள்.

“அப்ப எங்கப்பா எப்படி இருப்பாரு?”

“நல்லா இருப்பாரு.”

“எல்லா அம்மமாரும் அதத்தான் சொல்லுவினும். எப்படி இருப்பாரு?”

மைனி விரலால் காற்றில் ஒரு முகம் வரைந்து பார்த்தாள். முகத்தைப் பேச்சில் எப்படிச் சொல்வது? நானும் முயன்று பார்த்தேன், மாட்டு லட்சணம்தான் வாயில் வந்தது. விட்டுவிட்டேன்.

அதற்குள் இரண்டு கூட்டமும் கலைந்தது. அந்த முக்கைத் தாண்டாமல் எவனும் வீட்டுக்குப் போக முடியாது. இந்தப் பக்கத்திலிருந்து தமிழ் கோஷம், அந்தப் பக்கத்திலிருந்து மலையாள கோஷம், இடையில் லத்தி. திடீரென்று மைனி மகளின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“அந்தா, கொடி பிடிச்சிட்டு வாறாரே, அவருக்க நெத்தி பாரு. அதாக்கும். அப்படியே அதுதான்.”

மகள் எழுந்து நின்றாள். “காது?”

“நில்லு.” தாய் கூட்டத்தை அலசினாள். எதிர்க்கட்சியில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்த ஒரு பையனைக் காட்டினாள். “அந்தக் காது. கொஞ்சம் வெளிய தள்ளி.”

தாடை ஒரு கான்ஸ்டபிளிடம் கிடைத்தது. புருவம் எங்கள் கட்சியில் என்னை அடித்தவன் ஒருவனிடம். நிறம், ஸ்டேஷன் போர்ட்டர். ஒருவன் நின்று, “எந்தா சேச்சி நோக்குன்னே?” என்று கேட்டான். “ஒண்ணுமில்ல, போவும்” என்றாள். அவன் தோள் எடுக்கப்பட்டது தெரியாமல் கேரளம் வாழ்க என்று சொல்லிக்கொண்டு போனான்.

எனக்கு ஆசை விடவில்லை.

“எனக்க கிட்ட எடுக்கதுக்கு ஒண்ணுமில்லியா மைனி?”

தலை முதல் கால் வரை பார்த்தாள். “பல்லக் காட்டு.”

காட்டினேன்.

“இல்ல. அவருக்கு நல்ல பல்லாக்கும்.”

மகள் அப்போதுதான் சிரித்தாள்.

அதற்கப்புறம் எல்லைக் கோட்டைக் களியக்காவிளையில் போட்டார்கள், பாறசாலை கேரளத்தோடு நின்றது, கத்தின இரண்டு கட்சியும் ஒரே ரேஷன் கடையில் வரிசையில் நின்றது. அதெல்லாம் பிறகு. அன்று கூட்டம் முழுவதும் கடந்து, கடைகளில் விளக்கு வைத்த பிறகும் மூக்கு கிடைக்கவில்லை.

“மூக்கு?” என்று மகள் மறுபடியும் கேட்டாள்.

“சந்தையன்னைக்கு வெளியூரு ஆளு நெறய வரும். பாப்போம், வா.”

மகள் விடவில்லை. குடிசை வரும்வரை எதிரே வந்த ஒவ்வொருவன் மூக்கையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.