மரப்பலகையில் எழுதிய வேண்டுதல்

அந்த மரப்பலகையில் நான் எழுதியது மாமாவுக்காகவா, எனக்காகவா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

மாமா என் கணவரின் அப்பா. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பி.எட். தேர்வு எழுதிய நாட்களில், கைக்குழந்தையாக இருந்த என் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு தேர்வு மையத்து வாசலில் மூன்று மணி நேரம் நின்றவர். பிறகு பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். அந்தச் சமயத்தில், என் கணவர் வேலை பார்க்கும் அம்பத்தூர் கம்பெனி அவரைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. அது முடியும் தறுவாயில் நானும் மகனும் இரண்டு வாரம் போய்வர ஏற்பாடானது. மாமாவைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்தாள். கிளம்பும்போது மாமா குழறிய குரலில் கேட்டார்: "இன்னாம்மா, பொட்டி இம்மாம் பெருசா கீது? என்னையும் மடிச்சு வெச்சுக்கினியா?" சிரித்தேன். விமானத்தில் உட்கார்ந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அங்கே கணவர் தங்கியிருந்த ஊரிலேயே, பல நூற்றாண்டுகள் பழமையான ஒரு ஷின்டோ மதக் கோயிலுக்குப் போனோம். வாசலில் மூங்கில் அகப்பையால் தண்ணீர் மொண்டு கையும் வாயும் கழுவும்போது நாத்தனார் போனில் அழைத்தாள். "இன்னா அண்ணி, ஜாலியா ஊர் சுத்திகினு கீறீங்களா? அப்பா முதுகுல புண்ணு பெருசாயிடுச்சு. தொட்டாலே கத்துறாரு."

வேண்டுதலைச் சிறு மரப்பலகையில் எழுதி, மற்றவர்களுடையவற்றோடு தொங்கவிடுவது அங்கே வழக்கம். ‘அப்பா எழுந்து நடக்க வேண்டும்’ என்று என் கணவர் எழுதினார். இங்கே தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள் என்ற துணிச்சலில், ‘மாமாவைச் சீக்கிரம் அழைத்துக்கொள், சாமி’ என்று எழுதி, எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி மாட்டினேன்.

"இன்னா எழுதுனே?"

"புள்ளைக்கு நல்லா படிப்பு வரணும்னு."

நாங்கள் மூவரும் திரும்பிவந்த ஒன்பதாம் நாள் மாமா இறந்தார். காரியமெல்லாம் முடிந்தபின் கணவர் சொன்னார்: "என் வேண்டுதல்தான் பலிக்கல. உன்னுதாவது பலிக்கட்டும்."

அவரோடு வேலை செய்யும் முகப்பேர்க்காரர் ஒருவர் அடுத்த வாரம் அதே ஊருக்குப் பயிற்சிக்குப் போகிறார். "மச்சான், எங்க பலகை ரெண்டையும் தேடி போட்டோ எடுத்து அனுப்புடா, அப்பா ஞாபகமா வெச்சுக்கணும். தமிழ்ல வேற எவன் எழுதியிருப்பான், ஈஸியா கெடச்சிடும்" என்று அவரிடம் கணவர் போனில் சொன்னதை சமையலறையில் நின்று கேட்டேன்.

அந்தப் பலகைகளை அவ்வப்போது சேர்த்து எரித்துவிடுவார்களாம். எரித்திருப்பார்கள் என்று நம்பிப் பேசாமல் இருந்துவிடலாம். இல்லையென்றால், படம் வருவதற்குள் நானே சொல்லிவிடலாம். ‘எங்கப்பாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டவள்’ என்று கணவர் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். படுக்கையில் கிடந்தவரைப் பராமரித்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். நான் சொல்லட்டுமா, வேண்டாமா?